99% தண்ணீர், 1% கழிவு! தொழிற்சாலைக் கசடை காற்றுக் குமிழிகள் கெட்டியாக்குவது எப்படி? முழு விளக்கம்

2015 ஜனவரி 31, அதிகாலை நேரம். அப்போதைய வேலூர் மாவட்டம், ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டை. தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையத்தில், கசடு தேக்கி வைத்திருந்த தொட்டியின் சுவர் திடீரென இடிந்தது. உள்ளே இருந்த கசடு மொத்தமும் பக்கத்துத் தோல் தொழிற்சாலைக்குள் பாய்ந்தது. அங்கே தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் உயிரிழந்தார்கள். பெரும்பாலானோர் மேற்கு வங்கத்தில் இருந்து பிழைப்புக்காக வந்தவர்கள்.

கழிவுநீரைச் சுத்தம் செய்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் தண்ணீரில் இருந்து பிரித்தெடுத்த அழுக்கு எங்கே போகிறது? அதை எப்படிச் சேமிக்கிறார்கள்? எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்? ராணிப்பேட்டை விபத்து எழுப்பிய கேள்வி இதுதான்.

இந்தக் கசடைக் கையாள்வதில் முதல் படி, அதில் இருக்கும் தண்ணீரைக் குறைப்பது. அதற்குப் பயன்படும் ஒரு முறைதான் காற்றுக் குமிழிகளால் மிதக்க வைத்துக் கெட்டியாக்குவது. 'டிஸ்ஸால்வ்டு ஏர் ஃப்ளோட்டேஷன்', சுருக்கமாக டி.ஏ.எஃப். இது எப்படி வேலை செய்கிறது? எங்கே கைகொடுக்கும்? எங்கே காலை வாரும்? பார்க்கலாம்.

கசடு என்றால் என்ன?

தோல், சாயம், காகிதம், பால், இறைச்சி, மருந்து என எந்தத் தொழிற்சாலைக் கழிவுநீராக இருந்தாலும் சுத்திகரிப்பில் இரண்டு வகைக் கசடு வரும்.

• முதல்நிலைக் கசடு: சுண்ணாம்பு, படிகாரம் போன்றவற்றைப் போட்டு அழுக்கைத் திரள வைத்து அடியில் படிய வைப்பது. இது கனமானது. சும்மா விட்டாலே கீழே உட்கார்ந்துவிடும்.

• உயிரியல் கசடு: காற்று ஊதும் தொட்டியில் நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று பெருகும். தேவைக்கு அதிகமாகப் பெருகிய நுண்ணுயிர்க் கூட்டத்தை அவ்வப்போது வெளியே எடுத்தாக வேண்டும். அதுதான் இந்தக் கசடு.

சிக்கல் இரண்டாவதில்தான். இது பஞ்சு மாதிரி லேசானது. நுண்ணுயிர்களின் உடம்பிலேயே தண்ணீர். அவற்றை ஒட்ட வைக்கும் வழவழப்பான பசையிலும் தண்ணீர். தொட்டியில் இருந்து வெளியே எடுக்கும்போது இதில் திடப்பொருள் வெறும் 0.5 முதல் 1 சதவீதம்தான் இருக்கும். மீதி 99 சதவீதமும் தண்ணீர்!

99%-ல் இருந்து 96%... இதில் என்ன பெரிய வித்தியாசம்?

இங்கேதான் ட்விஸ்ட். கேட்கும்போது வெறும் 3 சதவீதம் குறைவதுபோலத் தெரியும். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

ஒரு ஆலையில் 1 லட்சம் லிட்டர் கசடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் திடப்பொருள் 1%. அதாவது 1,000 கிலோ. மீதி 99,000 கிலோ தண்ணீர்.

இப்போது அதே 1,000 கிலோ திடப்பொருள் 4 சதவீதமாக ஆக வேண்டும் என்றால், மொத்தக் கசடு 25,000 கிலோவாகக் குறைய வேண்டும். அதாவது சுமார் 25,000 லிட்டர்.

தண்ணீரின் பங்கு 99%-ல் இருந்து 96%-க்கு வந்திருக்கிறது. ஆனால் கசடின் அளவு நான்கில் ஒரு பங்காகிவிட்டது! 10,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஏற்றினால் 10 நடை போக வேண்டிய இடத்தில் இரண்டரை நடை போதும். தொட்டியும் நான்கில் ஒரு பங்கு போதும். அடுத்து வரும் பிழியும் இயந்திரத்துக்கும் வேலை குறைவு.

1,000 கிலோ கழிவுக்காக 75,000 லிட்டர் தண்ணீரைக் கூடவே சுமக்க வேண்டியதில்லை. கெட்டியாக்குவதின் மொத்த நோக்கமும் இதுதான்.

சுவர் ஏன் தாங்காது?

நீர்த்த கசடு ஒரு சுவரைத் தள்ளும் விதம் ஏறக்குறைய தண்ணீரைப் போலவேதான். 3 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தின் மீதும் சுமார் 4.5 டன் எடைக்குச் சமமான விசை விழும். உயரத்தை இரண்டு மடங்காக்கினால் விசை இரண்டு மடங்காகாது, நான்கு மடங்காகும்.

4% கசடும் திரவம்தான். அதுவும் சுவரைத் தள்ளத்தான் செய்யும். ஆனால் அளவு குறைந்தால் தேக்கும் உயரம் குறையும். வேகமாகப் பிழிந்து வெளியே அனுப்பவும் முடியும். 'இடம் இல்லை, இன்னும் கொஞ்சம் மேலே ஏற்று' என்ற நிலைமை வராது. ஆனால் முறையாக வடிவமைக்காத தொட்டியை எந்தத் தொழில்நுட்பமும் காப்பாற்றாது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

கீழே படியாததை மேலே மிதக்க வை!

லேசான உயிரியல் கசடை அடியில் படிய வைக்க நேரம் அதிகம் பிடிக்கும். ஒரு நாள் முழுக்க வைத்தாலும் 2 முதல் 3 சதவீதம் வந்தாலே பெரிது. நம் ஊர் வெயிலில் அவ்வளவு நேரம் கிடந்தால் கசடு அழுக ஆரம்பிக்கும். உள்ளே வாயு உருவாகி, படிந்தது மறுபடி கட்டி கட்டியாக மேலே வரும்.

சரி, அதுதான் மேலே வரப் பார்க்கிறதே, நாமே மேலே கொண்டு வந்தால் என்ன? இந்த யோசனைதான் டி.ஏ.எஃப்.

இந்த அறிவியலை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் சோடா ஊற்றி, நாலு உலர் திராட்சையைப் போடுங்கள். முதலில் அடியில் போய் உட்காரும். கொஞ்ச நேரத்தில் அதன் சுருக்கங்களில் குமிழிகள் ஒட்டிக்கொள்ளும். திராட்சை மெல்ல மேலே ஏறும்! குமிழி உடைந்ததும் மறுபடி கீழே போகும். கசடுத் திரள் என்பது அந்தத் திராட்சை. குமிழி என்பது காற்று.

வெல்லம் காய்ச்சும் கொப்பரையில் அழுக்கு நுரையாகத் திரண்டு மேலே வருவதையும், அதை வழித்தெடுப்பதையும் பார்த்திருப்பீர்கள். டி.ஏ.எஃப். தொட்டியில் நடக்கும் கடைசி வேலையும் அந்த வழித்தெடுப்புதான்.

எப்படி வேலை செய்கிறது? ஸ்டெப் பை ஸ்டெப்

1. அழுத்தம்: ஏற்கெனவே தெளிந்த தண்ணீரில் ஒரு பகுதியை எடுத்து, மூடிய தொட்டிக்குள் பம்ப் மூலம் அனுப்புவார்கள். கம்ப்ரஸர் வழியாகக் காற்றும் உள்ளே போகும். அழுத்தம் பொதுவாக வளிமண்டல அழுத்தத்தைப் போல 4 முதல் 6 மடங்கு.

2. கரைதல்: அழுத்தம் எத்தனை மடங்கு கூடுகிறதோ, கரையும் காற்றும் ஏறக்குறைய அத்தனை மடங்கு கூடும். 1803-ல் ஆங்கிலேய விஞ்ஞானி வில்லியம் ஹென்றி கண்டறிந்த விதி இது. சோடா பாட்டிலில் வாயு அடைபட்டுக் கிடப்பதும் இதே விதிப்படிதான்.

3. விடுவித்தல்: காற்று கரைந்த இந்தத் தண்ணீர், ஒரு வால்வு வழியாகத் திறந்த தொட்டிக்குள் வந்து கசடுடன் கலக்கும். அழுத்தம் சட்டென்று இறங்கும். சோடா மூடியைத் திறந்த மாதிரிதான். கரைந்திருந்த காற்று லட்சக்கணக்கான நுண்குமிழிகளாக வெளியே வரும். தண்ணீர் பால் மாதிரி வெள்ளையாகத் தெரியும்.

4. ஒட்டுதல்: குமிழிகள் கசடுத் திரளில் ஒட்டிக்கொள்ளும், உள்ளே சிக்கிக்கொள்ளும். இப்போது குமிழியும் கசடும் சேர்ந்த மொத்தம் தண்ணீரைவிட லேசு. மேலே ஏறும்.

5. வழித்தல்: மேற்பரப்பில் ஆடை கட்டின மாதிரி கசடு அடுக்கு சேரும். மேலே நிற்கும் பகுதியில் இருந்து தண்ணீர் கீழே வடிய வடிய, அந்த அடுக்கு இன்னும் கெட்டியாகும். மெதுவாக நகரும் துடுப்புகள் அதை ஓரத்துக் கால்வாயில் தள்ளும்.

6. திருப்பி அனுப்புதல்: அடியில் நிற்கும் தெளிந்த நீரில் ஒரு பகுதி மறுபடி அழுத்தத் தொட்டிக்குப் போகும். மீதி சுத்திகரிப்பின் தொடக்கத்துக்கே திரும்பும். அது சுத்தமான நீர் அல்ல. அப்படியே வெளியே விடக் கூடாது.

குமிழி ஏன் அவ்வளவு சின்னதாக இருக்க வேண்டும்?

'சும்மா அடியில் குழாய் போட்டுக் காற்றை ஊதினால் ஆகாதா?' என்று கேட்கலாம். ஆகாது.

பெரிய குமிழி வேகமாக மேலே பாயும். போகிற போக்கில் மென்மையான கசடுத் திரளை உடைத்துவிடும். மொத்தத் தொட்டியையும் கலக்கிவிடும். டி.ஏ.எஃப். குமிழிகள் பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரான் அளவு. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

1 மில்லிமீட்டர் குமிழி ஒன்றில் இருக்கும் காற்றை 50 மைக்ரான் குமிழிகளாகப் பிரித்தால் 8,000 குமிழிகள் கிடைக்கும். ஒட்டுவதற்கான மொத்தப் பரப்பு 20 மடங்கு கூடும். 50 மைக்ரான் குமிழி ஒன்று ஒரு மீட்டர் உயர சுமார் 12 நிமிடம் எடுத்துக்கொள்ளும். அவ்வளவு நிதானமாகப் போவதால்தான் கசடை உடைக்காமல் தூக்கிக்கொண்டு போக முடிகிறது.

எவ்வளவு காற்று தேவை?

இந்தத் துறையில் முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. ஒரு கிலோ திடப்பொருளுக்கு எத்தனை கிராம் காற்று என்பதுதான் அது. பொதுவாக 10 முதல் 40 கிராம் வரை. நடுவில் 20 கிராம் என்று எடுத்துக்கொண்டால், மேலே பார்த்த 1,000 கிலோ திடப்பொருளுக்கு 20 கிலோ காற்று வேண்டும். அதாவது சுமார் 17,000 லிட்டர் காற்று.

காற்று குறைந்தால் கசடு பாதியில் தொங்கும். அதிகமானாலும் பலன் கூடாது, கரண்ட் பில்தான் கூடும்.

தொட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? ஒரு சதுர மீட்டர் பரப்பில், மணிக்கு 2 முதல் 5 கிலோ திடப்பொருள் வரை தாங்கும். பாலிமர் சேர்த்தால் 10 கிலோ வரைகூடப் போகலாம். நாளொன்றுக்கு 20 மணி நேரம் ஓட்டினால், 1,000 கிலோவை மணிக்கு 50 கிலோ வீதம் கையாள வேண்டும். சதுர மீட்டருக்கு 5 கிலோ என்றால் 10 சதுர மீட்டர் பரப்பு போதும். ஒரு சின்ன அறை அளவுதான்!

பாலிமர் எதற்கு?

பாலிமர் என்பது நீண்ட சங்கிலி போன்ற வேதிப்பொருள். சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துகள்களை நூலில் கோத்த மாதிரி சேர்த்துப் பெரிய திரளாக்கும். திரள் பெரிதானால் குமிழி ஒட்ட இடம் அதிகம்.

பாலிமர் இல்லாமல் ஓட்டினால் வரும் திடப்பொருளில் 85 சதவீதம் அளவுக்கு மேலே பிடிபடும். சேர்த்தால் 95 சதவீதத்தைத் தாண்டும். 1,000 கிலோவில் 150 கிலோ திரும்பிப் போவதற்கும் 50 கிலோ திரும்பிப் போவதற்கும் உள்ள வித்தியாசம் இது. திரும்பிப் போவது காணாமல் போய்விடாது. சுத்திகரிப்பு நிலையத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து மறுபடி கசடாகவே நிற்கும்.

அதற்காக அள்ளிக் கொட்டவும் கூடாது. அளவு மிஞ்சினால் கசடு பிசுபிசுப்பாகி அடுத்த இயந்திரத்தின் துணியை அடைக்கும். செலவும் எகிறும். அதனால் முதலில் கண்ணாடி ஜாரில் சின்ன அளவில் சோதித்துவிட்டுத்தான் அளவை முடிவு செய்வார்கள்.

எங்கே சொதப்பும்?

• வெயில்: தண்ணீர் சூடானால் காற்று குறைவாகத்தான் கரையும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 18.7 மில்லிலிட்டர் காற்று கரையும் என்றால், 30 டிகிரியில் 15.7 மில்லிலிட்டர்தான். குளிர்நாட்டுக் கணக்கை வைத்து வடிவமைத்த இயந்திரம் நம் ஊர் கோடையில் திணறும். அழுத்தத்தையோ, சுழற்சி நீரின் அளவையோ கூட்ட வேண்டியிருக்கும்.

• உப்பு: தோல், சாயக் கழிவுநீரில் உப்பு அதிகம். உப்பு நீரிலும் காற்று கொஞ்சம் குறைவாகவே கரையும்.

• அடைப்பு: அழுத்தத்தை விடுவிக்கும் வால்வில் கசடோ சுண்ணாம்போ படிந்தால், நுண்குமிழிக்குப் பதில் பெரிய குமிழி வரும். பால் வெள்ளை மறைந்து கொப்பளிப்பு தெரிந்தால் உடனே கவனிக்க வேண்டும்.

• மணல்: டி.ஏ.எஃப். லேசானவற்றுக்கான கருவி. மணல், சுண்ணாம்பு போன்ற கனமானவை அடியில்தான் படியும். அதனால் தொட்டியின் அடியையும் சுரண்டி எடுக்கும் ஏற்பாடு அவசியம்.

• வழிப்பதில் தாமதம்: மேலே நிற்கும் அடுக்கை ரொம்ப நேரம் விட்டால் குமிழிகள் வெளியேறிவிடும். கசடு மறுபடி மூழ்கும். அதே சமயம் ரொம்பச் சீக்கிரம் வழித்தால் தண்ணீர் வடிய நேரம் இருக்காது. இந்த நேரக்கணக்கு ஆபரேட்டரின் அனுபவத்தில்தான் இருக்கிறது.

• மின்சாரம்: கம்ப்ரஸரும் அழுத்த பம்ப்பும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கரண்ட் போனால் மிதப்பும் போச்சு.

வேறு வழிகளே இல்லையா?

உண்டு. எல்லாவற்றுக்கும் டி.ஏ.எஃப்.தான் சரி என்றும் இல்லை.

• படிய வைக்கும் தொட்டி: செலவு குறைவு, மின்சாரமும் குறைவு. முதல்நிலைக் கசடுக்கு இதுவே போதும். உயிரியல் கசடுக்கு அவ்வளவாகச் சரிப்படாது.

• சென்ட்ரிஃபியூஜ்: வேகமாகச் சுழற்றிப் பிரிப்பது. இடம் குறைவு. மூடிய அமைப்பு என்பதால் நாற்றமும் குறைவு. ஆனால் விலை, மின்சாரம், பராமரிப்பு அதிகம்.

• வடிகட்டும் பெல்ட்: பாலிமர் கலந்த கசடை ஓடும் வலைத்துணியில் பரப்பி, தண்ணீரை வடிய விடுவது. மின்சாரம் குறைவு. பாலிமர் கட்டாயம்.

லேசான உயிரியல் கசடு, கொழுப்பும் எண்ணெயும் கலந்த கசடு என்றால் டி.ஏ.எஃப். நல்ல தேர்வு. கழிவுநீரையே தெளிய வைக்கவும் இதே முறை பயன்படுகிறது. பால், மீன், இறைச்சி ஆலைகளிலும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளிலும் அதைப் பார்க்கலாம். இது புதுசாக வந்ததும் அல்ல. 1920-களிலேயே ஸ்காண்டிநேவிய நாடுகளின் காகித ஆலைகள், தண்ணீரோடு போகும் காகித நாரை மீட்கக் குமிழி மிதப்பைப் பயன்படுத்தின.

கெட்டியான பிறகு எங்கே போகும்?

டி.ஏ.எஃப்.-ல் இருந்து வரும் கசடு பொதுவாக 3 முதல் 5 சதவீதம். பார்க்க மோர்க்குழம்பு மாதிரி இருக்கும். பம்ப் மூலம் ஓட்டலாம். ஆனால் லாரியில் அள்ளிக்கொண்டு போகும் நிலை இன்னும் வரவில்லை.

அடுத்து ஃபில்டர் பிரஸ், ஸ்க்ரூ பிரஸ் போன்ற இயந்திரங்களில் பிழிவார்கள். 25 சதவீதம் வரை வந்தால், முதலில் 1 லட்சம் லிட்டராக இருந்தது வெறும் 4 டன் ஈர மண் மாதிரி ஆகிவிடும். அதற்குப் பிறகு காய வைப்பது, பாதுகாப்பான நிலநிரப்பில் புதைப்பது எனக் கழிவின் வகையைப் பொறுத்து முடிவாகும்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். கெட்டியாக்குவது விஷத்தைக் குறைக்காது! தண்ணீரைத்தான் குறைக்கும். தோல் பதனிடப் பயன்படுத்தும் குரோமியம் கசடில் இருந்தால், அது கெட்டியான கசடிலும் அப்படியே இருக்கும். குரோமியக் கசடைக் கண்டபடி எரிக்கவும் முடியாது. எரிக்கும்போது அது ஆறு இணைதிறன் கொண்ட, அதிக நச்சுள்ள வடிவத்துக்கு மாறக்கூடும். அதனால் குரோம் கழிவுநீரைத் தனியாகப் பிரித்து, ஆலைக்குள்ளேயே குரோமியத்தை மீட்பதுதான் நல்ல வழி.

சட்டம் என்ன சொல்கிறது?

அபாயகரமான கழிவுகளுக்கான 2016-ம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி, இத்தகைய கழிவை உருவாக்கும் இடத்தில் பொதுவாக 90 நாட்களுக்கு மேல் தேக்கி வைக்கக் கூடாது. சில சூழ்நிலைகளில் மட்டும் மாநில மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் அவகாசத்தை நீட்டிக்கலாம்.

பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள் தொடர்பான வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பு ஒன்றை வழங்கியது. மாசுபடுத்துபவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை, இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அந்தத் தீர்ப்பு உறுதி செய்தது. அந்தச் செலவில் கசடை முறையாகக் கையாள்வதும் அடக்கம்தான்.

தொழிலாளர்கள் கவனிக்க வேண்டியது

கசடு தேங்கி அழுகினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு உருவாகும். தோல் கழிவில் சல்ஃபைடு ஏற்கெனவே இருப்பதால் ஆபத்து இன்னும் அதிகம். அழுகிய முட்டை நாற்றம்தான் இதன் அடையாளம். ஆனால் அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. 'நாற்றம் போயிடுச்சு, இறங்கலாம்' என்று நினைப்பதுதான் உயிரைப் பறிக்கிறது.

கசடை அழுக விடாமல் சில மணி நேரத்துக்குள் கெட்டியாக்கி அனுப்பிவிடுவது டி.ஏ.எஃப். முறையின் பெரிய பலன். அப்படியிருந்தும் வாயு அளவைச் சோதிக்காமல், மூச்சுக்கருவி இல்லாமல், மேலே காவலுக்கு ஆள் இல்லாமல் எந்தக் கசடுத் தொட்டிக்குள்ளும் இறங்கக் கூடாது. உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், காப்பாற்றப் பதறிக்கொண்டு அடுத்தவர் வெறுமனே இறங்குவதும் கூடாது.

சுருக்கமாக...

• உயிரியல் கசடில் 99% தண்ணீர். அதை 96% ஆக்கினாலே அளவு நான்கில் ஒரு பங்காகும்.

• அழுத்தத்தில் காற்றைக் கரைத்து விடுவித்தால் வரும் நுண்குமிழிகள் கசடைத் தூக்கி மிதக்க வைக்கும்.

• லேசான கசடுக்கு ஏற்றது. வெயில், உப்பு, அடைப்பு, மின்தடை ஆகியவை இதன் எதிரிகள்.

• தண்ணீர்தான் குறையும், நச்சு குறையாது. பிழிவதும் பாதுகாப்பாக அப்புறப்படுத்துவதும் அடுத்து நடந்தே ஆக வேண்டும்.

ஒரு சுத்திகரிப்பு நிலையம் நன்றாக நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள, வெளியே வரும் தண்ணீரை மட்டும் பார்த்தால் போதாது. உள்ளே கசடு எவ்வளவு சேர்ந்திருக்கிறது, எத்தனை நாளாகக் கிடக்கிறது, அதைத் தாங்கும் சுவரை யார் சோதித்தார்கள் என்றும் கேட்க வேண்டும். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது தூங்கிக்கொண்டிருக்கலாம்.